ஆறு டயலும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃபிளைட் சிமுலேட்டருக்கென்று இரண்டாவது மானிட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒன்றுதான். வேகம், உயரம் போன்றவற்றைக் காட்டும் கருவிகளின் (கேஜ்) விண்டோவை மவுஸால் இழுத்து அந்தப் பக்கம் போட்டு, மூலையைப் பிடித்துக் கண்ணுக்குப் பாந்தமாகத் தெரியும்வரை பெரிதாக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் ஏர்ஸ்பீட் டயல் முட்டை வடிவத்தில் நிற்கும். ஆல்டிமீட்டர் நிஜ அளவைவிட ஒன்றரை மடங்கு வீங்கியிருக்கும். ரேடியோவுக்கு இடம் இருக்காது. அடுத்த முறை சிமுலேட்டரைத் திறந்தால் எல்லா விண்டோவும் மெயின் மானிட்டரின் மூலைக்கே திரும்பியிருக்கும்.

வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குவதால் வரும் வினை இது. முதலில் மில்லிமீட்டர், அப்புறம் பிக்சல், மென்பொருள் எல்லாவற்றுக்கும் பிறகு. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால், எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்) ஆனாலும் எக்ஸ்-பிளேன் ஆனாலும் புதிய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஆனாலும் வேலை பாதியாகிவிடும். உதாரணத்துக்கு செஸ்னா 172 என்ற சிறு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் பேனல் அமைக்கிறவர்களில் பெரும்பாலோர் தொடங்குவது அதில்தான்.

மில்லிமீட்டர் கணக்கு

சிறு விமானங்களின் பேனலில் கேஜ் பொருத்த வெட்டும் துளைக்கு முக்கியமாக இரண்டே அளவுகள். பெரியது 3 1/8 அங்குலம், அதாவது 79.4 மி.மீ. சிறியது 2 1/4 அங்குலம், 57.2 மி.மீ. ஏர்ஸ்பீட் (வேகம்), ஆட்டிட்யூட் (விமானத்தின் சாய்வு), ஆல்டிமீட்டர் (உயரம்) மேல் வரிசையிலும், டர்ன் கோஆர்டினேட்டர் (திருப்பம்), ஹெடிங் (திசை), வெர்டிகல் ஸ்பீட் (ஏறும், இறங்கும் வேகம்) கீழ் வரிசையிலும் இருக்கும் அந்த ஆறும் பெரிய அளவு. ரேடியோ அடுக்கின் அகலம் 6.25 அங்குலம், 158.75 மி.மீ. டயல்களுக்குப் பதில் கார்மின் நிறுவனத்தின் ஜி1000 என்ற டிஜிட்டல் திரை வைத்த செஸ்னா என்றால் அந்தத் திரை 10.4 அங்குல மூலைவிட்டம், 4:3 விகிதம், 1024×768 பிக்சல்.

அடுத்து உங்கள் மானிட்டர். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் அங்குலத்தை நம்ப வேண்டாம். 24 என்று விற்பவற்றில் பல உண்மையில் 23.8. ஒளிரும் பகுதியின் அகலத்தை ஸ்டீல் ஸ்கேலால் மி.மீ.யில் அளந்து, ரெசல்யூஷனின் கிடைமட்ட எண்ணால் வகுங்கள். ஒரு பிக்சலின் அகலம் கிடைத்துவிடும். முழு 24 அங்குல 1920×1080 திரை 531 மி.மீ. அகலம், பிக்சல் 0.277 மி.மீ. அதில் 79.4 மி.மீ. டயலுக்கு 287 பிக்சல் வேண்டும். 23.8 என்றால் 289. 27 அங்குலத்தில் அதே 1920×1080 என்றால் பிக்சல் 0.311 மி.மீ. ஆகிவிடும், டயலுக்கு 255 பிக்சல்தான் கிடைக்கும், ஆல்டிமீட்டரின் பொடி எண்கள் உடைந்து தெரியும். 27 அங்குலம் 2560×1440-இல் 340 பிக்சல் கிடைக்கிறது, இது நல்ல இடம். பரணில் கிடக்கும் பழைய 17 அங்குல 1280×1024 மானிட்டர்கூட 301 பிக்சல் தருகிறது. ஆறு டயலுக்கு மட்டும் என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. வங்கி அட்டையின் அகலம் 85.6 மி.மீ., உலகம் முழுக்க ஒரே அளவு. பெயின்ட் மென்பொருளில் 309 பிக்சல் அகலத்தில் ஒரு கட்டம் வரைந்து, 100 சதவீத அளவில் 24 அங்குலத் திரையில் வைத்து, அட்டையை மேலே பிடியுங்கள். ஓரங்கள் பொருந்தவில்லை என்றால் வகுத்தலில் தவறு அல்லது எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் ஸ்கேலிங் 125 சதவீதத்தில் இருக்கிறது.

இனி இடம் போடலாம். டயல்களுக்கு இடையே 10 மி.மீ., அதாவது 36 பிக்சல் விட்டால், ஒரு டயலின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்புக்கு 323 பிக்சல். இடது ஓரத்தில் 72 பிக்சல் விட்டுத் தொடங்கினால் மூன்று டயல்களும் 72, 395, 718 என்ற இடங்களில் உட்காரும். மேல் வரிசை 100-இல் தொடங்கினால் கீழ் வரிசை 423. ரேடியோ அடுக்கு 1077-இல் தொடங்கி 574 பிக்சல் அகலம், 1651-இல் முடியும். மிச்சம் 269 பிக்சல். அதில் 57.2 மி.மீ. கேஜ்கள், 207 பிக்சல் வீதம், ஒரு நிரையாக நிற்கும். ஆக, ஒரே ஒரு 24 அங்குலத் திரையில் ஆறு டயல், ரேடியோ, என்ஜின் கேஜ் எல்லாம் நிஜ அளவில் அடங்கிவிடுகின்றன. உயரத்தில் இன்னும் 370 பிக்சல் கீழே காலி.

நிஜ விமானத்தில் இருப்பதுபோல வழிகாட்டும் நாவிகேஷன் இண்டிகேட்டர்கள் இரண்டையும் நான்காவது நிரையாக வைக்க ஆசைப்பட்டால் மேலே சொன்ன கணக்கு உடைந்துபோகும். டயல் இடைவெளியை 4 மி.மீ.க்குக் குறைத்தாலும் நான்கு நிரை 330 மி.மீ., ரேடியோ 159 மி.மீ., மிஞ்சுவது 42 மி.மீ. என்ஜின் கேஜ்கள் கீழே இறங்கியாக வேண்டும். இரண்டாவது இண்டிகேட்டரை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஜி1000 போடுகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. அந்தத் திரையின் நிஜ அகலம் 211 மி.மீ. 24 அங்குல 1920×1080 மானிட்டரில் அது 763×573 பிக்சல்தான். மூலப் படமோ 1024×768. நிஜ அளவுக்குச் சுருக்கினால் பிக்சல் போதாமல், அலைவரிசை எண்களும் ஃபிளைட் பிளான் எழுத்துகளும் மங்கிப்போகும். கூர்மை போதவில்லை என்று கிராபிக்ஸ் செட்டிங்ஸில் மணிக்கணக்காகத் துழாவுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே தீர்வு கிடையாது. 15.6 அங்குல 1920×1080 போர்ட்டபிள் மானிட்டரில் அதே 211 மி.மீ.க்கு 1175 பிக்சல் கிடைக்கிறது, 27 அங்குல 4கே-யில் 1357. இந்த இரண்டில் ஒன்றுக்குப் போங்கள். இல்லையென்றால் நிஜ அளவை விட்டுக்கொடுத்து 1024×768-ஆகவே வைத்துக்கொள்ளுங்கள். திரை 283 மி.மீ. அகலம் ஆகும், எழுத்து தெளிவாக இருக்கும்.

கேஜ் எந்தச் சாதி

பிக்சல் கணக்கு கையில் வந்தபின் கேட்க வேண்டிய கேள்வி: இந்த கேஜை சிமுலேட்டர் எப்படி வரைகிறது? எதைப் பிரித்தெடுக்கலாம், எதை முடியாது என்பது இதைப் பொறுத்தது.

எஃப்எஸ்எக்ஸிலும் அதன் வழிவந்த பிரிபேர்டு-3டியிலும் 2டி பேனல் என்று தனியாக ஒன்று உண்டு. அதிலுள்ள டயல்கள் தட்டையான படங்கள். எங்கு வேண்டுமானாலும், எந்த அளவிலும் வைக்கலாம். 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் அந்த 2டி பேனலே கிடையாது. முள் வைத்த டயல்கள் காக்பிட்டின் முப்பரிமாண மாடலோடு சேர்ந்தவை. முள் ஒரு 3டி உருப்படி, அதைத் தனி விண்டோவாகக் கழற்ற வழியில்லை. ஜி1000, ஜிபிஎஸ் போன்ற திரைகள் மட்டும் தனியாக வரையப்பட்டு மாடலின் மேல் ஒட்டப்படுகின்றன; அவற்றைத்தான் வெளியே எடுக்க முடியும். டயல் வைத்த செஸ்னாவில் ஏர்ஸ்பீடை எப்படி பாப்-அவுட் செய்வது என்று தேடித் தேடிக் களைப்பவர்களுக்கு இதுதான் பதில்: முடியாது. அதற்கு வேறு மென்பொருள் வேண்டும், கீழே வருகிறது.

எஃப்எஸ்எக்ஸ், பிரிபேர்டு-3டி

விமானத்தின் பேனல் ஃபோல்டருக்குள் இருக்கும் பேனல்.சிஎஃப்ஜி என்ற டெக்ஸ்ட் ஃபைல்தான் இங்கே எல்லாம். முதலில் ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் வைத்துவிடுங்கள். சிமுலேட்டர் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருந்தால் சாதாரணமாக நோட்பேடில் திறந்து சேமிக்க விண்டோஸ் விடாது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். புதிதாக நிறுவுகிறவர்கள் சிமுலேட்டரை வேறு ஃபோல்டரில் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

ஏற்கெனவே இருக்கும் மெயின் பேனலைத் திருத்துவதைவிட, கேஜ் மானிட்டருக்கென்று புதிய விண்டோ ஒன்றை எழுதுவது நல்லது. ஃபைலின் தலையில் 'விண்டோ டைட்டில்ஸ்' பகுதி இருக்கும். அதில் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணில் ஒரு பெயர் சேருங்கள். அதே எண்ணில் கீழே ஒரு விண்டோ பகுதியைத் தொடங்குங்கள். அதில் 'சைஸ் எம்எம்' வரிக்கு 1920,1080 என்று கொடுங்கள். பெயரில் மில்லிமீட்டர் இருந்தாலும், பின்னணிப் படம் இல்லாத விண்டோவில் அது கேஜ்களை அடுக்கும் கட்டத்தின் அலகுதான். திரையின் பிக்சல் எண்ணையே அங்கே கொடுத்துவிட்டால் மேலே போட்ட கணக்கை அப்படியே எழுதலாம். 'பேக்கிரவுண்ட் கலர்' வரிக்கு 0,0,0 வேண்டாம். சுத்தக் கறுப்பை இந்த சிமுலேட்டர் ஒளி ஊடுருவும் நிறமாக எடுத்துக்கொள்ளும். 2,2,2 கொடுங்கள், கண்ணுக்குக் கறுப்புதான். 'ஐடென்ட்' எண் அந்த ஃபைலில் வேறெங்கும் இருக்கக் கூடாது.

பிறகு மெயின் பேனலிலிருந்து வேண்டிய கேஜ் வரிகளை நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நான்கு எண்கள் இருக்கும்: இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம், அகலம், உயரம். ஏர்ஸ்பீடுக்கு 72,100,287,287, ஆட்டிட்யூடுக்கு 395,100,287,287, இப்படியே. கேஜ் எண்களை 00-இலிருந்து வரிசையாகத் திருத்துவதை மறக்க வேண்டாம். எண் இரட்டித்தாலும் நடுவில் விட்டுப்போனாலும் சில கேஜ்கள் காணாமல் போகும், பிழைச் செய்தி எதுவும் வராது. அகலமும் உயரமும் சமமாக இல்லாவிட்டால் டயல் முட்டையாகும். அவை சமமாக இருந்தும் முட்டையானால், விண்டோவின் மொத்த விகிதம் நீங்கள் கொடுத்த 1920,1080 விகிதத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

வேறொரு விமானத்தை ஏற்றிவிட்டு இதற்குத் திரும்பினால் மாற்றம் தெரியும். ஷிஃப்ட்டோடு எண் விசையை அழுத்தி விண்டோவைத் திறந்து, அதன்மேல் வலது கிளிக் செய்து, 'அன்டாக்' கொடுத்து, அடுத்த மானிட்டருக்கு இழுத்துப் பெரிதாக்குங்கள். தலைப்புப் பட்டை கொஞ்சம் உயரத்தைத் தின்னும். அது கேஜின் விகிதத்தைக் கெடுக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, 'சைஸ் எம்எம்' வரியின் இரண்டாவது எண்ணை 1050 என்பதுபோலக் குறைத்தால் சரியாகிவிடும். முடிந்ததும் ஃபிளைட்டைச் சேமியுங்கள். கழற்றிய விண்டோவின் இடம் அந்த ஃபிளைட் ஃபைலில்தான் எழுதப்படுகிறது. நோட்பேடில் அதைத் திறந்தால், விண்டோ கழற்றப்பட்டதா என்று சொல்லும் வரியையும் அதன் இடத்தைச் சொல்லும் நான்கு எண்களையும் காணலாம். மவுஸால் வராத நுணுக்கம் அங்கே வரும்.

பழைய விமானம் ஒன்றை 2017 முதல் வந்த பிரிபேர்டு-3டி பதிப்புகளில் போட்டதும் கேஜ்கள் இருந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரிகிறதா? நான்காம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியபோது, 32 பிட்டில் தொகுத்த கேஜ் ஃபைல்கள் செல்லாக்காசாகிவிட்டன. எக்ஸ்எம்எல்-இல் எழுதிய கேஜ்கள் மட்டும் தப்பின. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்

வலது ஆல்ட் விசையைப் பிடித்தபடி காக்பிட்டிலுள்ள திரைமேல் மவுஸைக் கொண்டுபோனால் குறி பூதக்கண்ணாடியாக மாறும். கிளிக் செய்தால் அந்தத் திரை தனி விண்டோவாக வந்துவிடும். இழுத்துப் போய் வைத்து, ஆல்ட்டோடு என்டர் அழுத்தினால் அந்த மானிட்டரை முழுக்க நிரப்பும். 4:3 படத்தை 16:9 மானிட்டரில் நிரப்பும்போது பக்கங்களில் கறுப்புப் பட்டை வருவது இயல்புதான்.

இரண்டு குறைகள் உடனே கண்ணில் படும். கழன்று வருவது திரை மட்டும். சுற்றியிருக்கும் பொத்தான்களும் குமிழ்களும் காக்பிட்டிலேயே தங்கிவிடும். அவற்றுக்குத் தனி ஹார்டுவேர் சட்டகம் வேண்டும், அல்லது மவுஸோடு காக்பிட்டுக்குத் திரும்ப வேண்டும். இன்னொன்று, விண்டோக்களின் இடத்தை சிமுலேட்டர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் கழற்றி, இழுத்து, அளவு பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. பாப்-அவுட் பேனல் மேனேஜர் என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. காக்பிட்டில் எங்கெங்கே திரை என்று ஒரு முறை காட்டிவிட்டால் தானே கழற்றி, கொடுத்த பிக்சல் இடத்தில், தலைப்புப் பட்டையையும் மறைத்து வைத்துவிடும். கேமரா கோணம் மாறினால் அது தவறான இடத்தில் கிளிக் செய்யும் என்பதால், காட்டித்தரும்போது இருந்த பார்வையை ஒரு கஸ்டம் கேமராவாகச் சேமித்து வையுங்கள்.

ஒவ்வொரு பாப்-அவுட்டும் ஃபிரேம் ரேட்டில் (நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற வேகத்தில்) ஒரு பங்கைக் கேட்கும். எவ்வளவு என்று பொதுவாகச் சொல்வதற்கில்லை. ஆனால் கேஜ் மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகி, மெயின் மானிட்டரை கிராபிக்ஸ் கார்டில் செருகியிருந்தால் நிலைமை மோசமாகும். ஒரு கார்டு வரைந்த படத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் இன்னொரு பக்கத்துக்கு நகலெடுக்க வேண்டியிருக்கும். யுஎஸ்பி வழியாகப் படம் தரும் அடாப்டர்களிலும் இதே கதை. எல்லா மானிட்டரும் ஒரே கார்டில்.

எக்ஸ்-பிளேன்

இங்கே வாழ்க்கை கொஞ்சம் சுலபம். காக்பிட்டில் ஜி1000 அல்லது ஜிபிஎஸ் திரையைக் கிளிக் செய்தாலே மிதக்கும் விண்டோவாக வரும், பொத்தான் சட்டகத்தோடு. அதை விண்டோஸ் விண்டோவாக வெளியே தள்ளும் குறி மேல் மூலையில் இருக்கிறது. இதற்கான கமாண்டுகளும் உண்டு. ஜாய்ஸ்டிக் பொத்தான் ஒன்றில் போட்டுக்கொள்ளலாம். டயல் வைத்த விமானத்துக்கு இங்கேயும் வெளி மென்பொருள்தான் நல்லது.

அந்த வெளி மென்பொருள்களில் பரவலாகப் புழங்குவது ஏர் மேனேஜர். சிமுலேட்டரின் படத்தை அது எடுத்துவருவதில்லை. வேகம், உயரம், கோணம் போன்ற எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு டயலைத் தானே வரைகிறது. அதனால்தான் அதை இன்னொரு கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ ஓட்டலாம்; பிரதான கணினிக்குச் சுமை மிகக் குறைவு. பேனல் ஒன்று உருவாக்கி, திரையின் ரெசல்யூஷனைக் கொடுத்து, ஒவ்வொரு கருவிக்கும் இடமும் அளவும் பிக்சலில் நிரப்பினால் போதும். மேலே போட்ட 72, 395, 718 இங்கேயும் அப்படியே பொருந்தும். ஒன்றைக் கவனியுங்கள்: சில கருவிகளின் படத்தில் வெளிச்சட்டமும் திருகுகளும் சேர்ந்தே வரும். அந்தப் படத்துக்கு 287 கொடுத்தால் முகப்பு 79.4 மி.மீ.யைவிடச் சிறுத்துவிடும். சட்டத்தை மறைக்கும் தேர்வு இருந்தால் மறையுங்கள். இல்லாவிட்டால் முகப்பின் விட்டத்தைத் திரையில் அளந்து, அந்த விகிதத்தில் படத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டாவது கணினியில் டயல் எல்லாம் அசையாமல் நின்றால், நூற்றுக்குத் தொண்ணூறு விண்டோஸ் ஃபயர்வால்தான்.

மூன்று மானிட்டர் வெளிக்காட்சி

கேஜுக்குத் தனித் திரை வந்துவிட்டால் வெளிக்காட்சித் திரையில் காக்பிட் தேவையில்லை. கண்ணாடிக்கு வெளியே மட்டும் காட்டும் பார்வைக்கு மாறலாம். ஆனால் கோணம் சரியாக இல்லாவிட்டால் கேஜ் சொல்வதும் கண் காண்பதும் ஒத்துப்போகாது. இறங்கும்போது ரன்வே தூரத்தில் இருப்பதாகத் தோன்றும், ஆல்டிமீட்டர் வேறு கதை சொல்லும்.

ஒரு மானிட்டரின் பார்வைக் கோணம்: அகலத்தில் பாதியைக் கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரத்தால் வகுத்து, அதன் ஆர்க்டேன் (அந்த டேன் மதிப்புக்குரிய கோணம்) கண்டு, இரட்டித்தால் வருவது. 531 மி.மீ. அகலம், 600 மி.மீ. தூரம் என்றால் 47.7 பாகை. எக்ஸ்-பிளேனில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக இந்தக் கோணத்தையும் பக்கவாட்டு விலகலையும் கொடுக்கலாம். விலகலுக்கும் 47.7 என்றே போட்டுவிடுவது வழக்கமான தவறு. மானிட்டரின் ஓரச் சட்டம் பக்கத்துக்கு 10 மி.மீ. என்றால் மொத்த அகலம் 551 மி.மீ.; அதற்கான கோணம் 49.3 பாகை. இடதுக்கு -49.3, வலதுக்கு +49.3, பார்வைக் கோணம் மூன்றுக்கும் 47.7. பக்க மானிட்டர்களையும் அதே 49.3 பாகை உள்நோக்கித் திருப்பி, கண்ணிலிருந்து அதே 600 மி.மீ. தூரத்தில் வையுங்கள். இந்த 1.6 பாகை வித்தியாசத்தை விட்டால், திரும்பும்போது அடிவானக் கோடு சட்டத்துக்கு இருபுறமும் உடைந்து நிற்கும்.

மேசையில் பேனல் மானிட்டருக்கு இடம் கொடுக்க வெளிக்காட்சித் திரையை உயர்த்தினால் செங்குத்து விலகலும் வேண்டும். திரையின் மையம் கண்மட்டத்துக்கு 120 மி.மீ. மேலே என்றால், 600 மி.மீ. தூரத்தில் அது 11.3 பாகை.

கிராபிக்ஸ் கார்டின் வசதிகளான என்விடியா சரவுண்ட், ஏஎம்டி ஐஃபினிட்டி வழியாக மூன்றையும் 5760×1080 என்று ஒரே திரையாக இணைப்பது வேறு வகை. எஃப்எஸ்எக்ஸின் 2டி பேனல் மூன்று மானிட்டர் அகலத்துக்கும் இழுபட்டு, டயல்கள் படுக்கை முட்டைகளாவது இந்த ஏற்பாட்டில்தான். பேனல்.சிஎஃப்ஜி-இல் மெயின் விண்டோவின் அளவு வரியில் அகலத்தை 0.333 என்றும், இட வரியில் முதல் எண்ணை 0.333 என்றும் மாற்றினால் பேனல் நடு மானிட்டருக்குள் அடங்கும். எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி-இன் டிஸ்பிளே பகுதியில் 'வைட் வியூ ஆஸ்பெக்ட்' வரியை 'ட்ரூ' ஆக்குங்கள். இல்லாவிட்டால் காட்சி மேலும் கீழும் வெட்டுப்பட்டு, பெரிதாக்கியதுபோல் தெரியும். மானிட்டரின் ஓரச் சட்டத்தை ஈடுகட்டும் திருத்தத்தை (பெசல் கரெக்ஷன்) போட்டிருந்தால் இணைப்புக்கு 72 பிக்சல் வீதம் 5904×1080 ஆகும். அந்த 72 பிக்சல் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதால், அங்கே எந்த கேஜையும் வைக்காதீர்கள்.

2022-இல் வந்த சிம் அப்டேட் 10 முதல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரிலும் கூடுதல் காட்சி விண்டோக்களைச் சேர்க்கலாம். ஒவ்வொன்றும் உலகத்தை மறுபடி வரைவதால் கிராபிக்ஸ் கார்டு பலமானதாக இருக்க வேண்டும். போர் விமான சிமுலேட்டரான டிசிஎஸ் இந்த விஷயத்தில் தனிப் பாதை: மானிட்டர் செட்டப் என்ற, லுவா நிரல் மொழியில் எழுதிய ஃபைலில் ஒவ்வொரு திரைக்கும் இடம், அகலம், உயரம் எழுத வேண்டும். எல்லா மானிட்டர்களையும் சுற்றி வரும் செவ்வகம் முழுவதையும் அது வரையும் என்பதால், 1920×1080-க்கு நேர் கீழே இன்னொரு 1920×1080 வைத்தால் 1920×2160. அதையே குறுக்கே தள்ளி மூலையில் வைத்தால் வெற்று இடத்துக்கும் சேர்த்து உழைக்கும்.

விண்டோஸ் செய்யும் சேட்டை

மெயின் மானிட்டரின் மேல் இடது மூலைதான் விண்டோஸுக்கு 0,0. அதற்கு இடப்புறம் இருக்கும் 1920 மானிட்டர் -1920-இல் தொடங்கும். கீழே இருந்தால் உயரக் கணக்கு 1080-இல் தொடங்கும். கழித்தல் எண்ணை எல்லா மென்பொருளும் ஒழுங்காகக் கையாள்வதில்லை. அதனால் டிஸ்பிளே செட்டிங்ஸில் கேஜ் மானிட்டரை மெயினுக்கு வலதோ கீழோ வைப்பது நல்லது. ஸ்கேலிங் எல்லாவற்றிலும் 100 சதவீதம். கேபிள்களை ஒரு முறை ஒழுங்காகச் செருகியபின் துளை மாற்றாதீர்கள். துளை மாறினால் வரிசை மாறும். வரிசை மாறினால் சேமித்த இடமெல்லாம் வீண்.

தொடுதிரை வைத்திருந்தால், ஏர்ஸ்பீடைத் தொட்டதும் மெயின் மானிட்டரில் ஏதோ ஒன்று கிளிக் ஆவதைப் பார்க்கலாம். எந்தத் திரை தொடுதிரை என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. கன்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் போய், செட்டப் அழுத்தி, அது கேட்கும் திரையைத் தொட்டுக் காட்டுங்கள். தவறான திரையில் கேள்வி வந்தால் என்டர் அழுத்தினால் அடுத்ததற்குப் போகும். எஃப்எஸ்எக்ஸ்காரர்கள் ஜெனரல் செட்டிங்ஸில் 'பாஸ் ஆன் டாஸ்க் ஸ்விட்ச்' குறியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு மென்பொருளின் கேஜைத் தொட்ட மாத்திரத்தில் விமானம் நடுவானில் நின்றுவிடும்.

பலகையும் கண்ணும்

கேஜ் மானிட்டர் கண்ணுக்குக் கீழே இருக்கும், மேலிருந்து சரிவாகப் பார்ப்போம். விலை குறைந்த டிஎன் வகைத் திரைகளில் சரிவாகப் பார்த்தால் நிறம் திரியும். செங்குத்தாகத் திருப்பி வைத்தால் இரு கண்ணுக்கும் இரு வேறு நிறம் தெரியும். ஐபிஎஸ் திரையாகப் பாருங்கள். வெளிக்காட்சிக்கு மூன்று பெரிய மானிட்டர் வாங்கிவிட்டு, மணிக்கணக்காகக் கண் பதியும் கேஜுக்குக் கையில் கிடைத்ததை வைப்பது எனக்குப் புரியாத சிக்கனம்.

துளை வெட்டிய பலகையைத் திரைக்கு முன்னால் வைப்பதானால் இடமாறு தோற்றத்தை (சரிவாகப் பார்க்கும்போது படம் நகர்ந்ததுபோல் தெரிவதை) கணக்கில் சேருங்கள். 3 மி.மீ. பலகை, அதற்கும் ஒளிரும் பரப்புக்கும் 2 மி.மீ. இடைவெளி என்றால் மொத்தம் 5 மி.மீ. 30 பாகை சரிவில் பார்த்தால் படம் 2.9 மி.மீ. நகர்ந்து தெரியும். துளையும் டயலும் ஒரே அளவாக இருந்தால் ஒரு பக்கம் பிறை போல வெற்றுத் திரை எட்டிப் பார்க்கும். துளையை 79.4 மி.மீ. என்றே வெட்டி, டயலின் கறுப்பு முகப்பை 86 மி.மீ., அதாவது 311 பிக்சலில் வரையுங்கள். இடது விளிம்பு எண்களிலும் மேல் விளிம்பு எண்களிலும் 12 குறைத்தால் மையம் மாறாது: 60, 383, 706, வரிசைகள் 88, 411. ஆல்டிமீட்டரின் கீழ் இடது மூலையில் வரும் அழுத்தக் குமிழுக்கு ரோட்டரி என்கோடர் (குமிழைத் திருப்புவதைக் கணினிக்குச் சொல்லும் சிறு கருவி) வைத்தால் அதன் உடல் பலகைக்கும் திரைக்கும் நடுவே உட்கார வேண்டும். இடைவெளி கூடும், கூடினால் நகர்வும் கூடும். என்கோடரை முதலில் வாங்கி, அதன் உயரத்தை அளந்த பிறகே பலகையை வெட்டக் கொடுங்கள்.

இரவுப் பறப்புக்கு, கேஜ் மானிட்டரின் வெளிச்சத்தை மென்பொருளில் குறைக்காமல் மானிட்டரின் சொந்தப் பொத்தானில் குறையுங்கள். எல்சிடி-யின் கறுப்பு முழுக் கறுப்பல்ல; பின்னொளி முழு வேகத்தில் எரியும்வரை பேனல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மினுங்கும். மானிட்டரின் பொத்தான்கள் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதால், அவற்றுக்குக் கை போகும் வழியை வெட்டும்போதே விட்டுவையுங்கள்.